குளத்தில் சோடா கொட்டுவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

உன் வீட்டு நீச்சல் குளம் பராமரிக்கிற ஆள், தண்ணீரில் போடச் சொல்லி எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். முதல் வரியிலேயே ஆப்பசோடா இருக்கிறது. அதை வாங்காதே. அது மென்மையான தண்ணீருக்கான கணக்கு. நீ நிரப்பியிருப்பது கோவை போர் தண்ணீர். ஆல்கலினிட்டியும் (காரத்தன்மை) ஹார்ட்னஸும் (கடினத்தன்மை) அதில் ஏற்கெனவே தூக்கலாகத்தான் இருக்கும். சோடாவும் சேர்ந்தால் தண்ணீர் பால்போலக் கலங்கும், டைல்ஸ் ஓரமெல்லாம் சுண்ணாம்பு படியும்.

முதலில் அளந்து பார். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சோதனை கிட் போதாது. வேலை செய்கிற குளோரினையும், வியர்வை, சிறுநீரோடு கலந்து வீணாய்ப் போனதையும் அது பிரித்துக் காட்டாது. இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி கிட் வாங்கு. வாடை மூக்கைத் துளைத்தால் குளோரின் கூடிவிட்டது என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் போதவில்லை என்றுதான் பொருள்.

உன் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். அதாவது சுமார் 45,000 லிட்டர். நான் சொல்லும் அளவெல்லாம் இதற்குத்தான்.

ஆல்கலினிட்டி 80-லிருந்து 100 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரவேண்டும். 10 பிபிஎம் இறக்க 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுமார் 900 மில்லி பிடிக்கும். ஒரு வேளைக்கு அதற்கு மேல் ஊற்றாதே. பம்ப் ஓடும்போது, ஒரு வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றிக் கலந்து, ஆழமான பக்கத்தில் பரவலாக விடு. ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது, தெறிக்கும். பி.எச். (அமில-கார அளவு) 7.0-க்கு வந்தால் ஆசிட்டை நிறுத்திவிட்டு, ஃபில்டரிலிருந்து குளத்துக்குள் தண்ணீர் வருகிற குழாயை மேல்நோக்கித் திருப்பி வை. காற்றுப் பட்டு பி.எச். தானே ஏறும், ஆல்கலினிட்டி ஏறாது. பிறகு மறுபடி ஆசிட். இதற்கு ஓரிரு வாரம் ஆகும், அவசரப்படாதே. கடைசியில் பி.எச். 7.2-க்கும் 7.5-க்கும் நடுவில் நிற்கட்டும். 8-ஐத் தொட்டால் குளோரினின் வேகம் பாதி அளவுக்கும் கீழே போய்விடும்.

குளோரினுக்கு திரவ ஹைப்போகுளோரைட் வாங்கு. 10 சதவீதச் சரக்கு 450 மில்லி ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். வெயிலில் வைத்த கேன் சத்துப் போய்விடும், புதிதாகப் பார்த்து வாங்கு. சாயங்காலம் ஊற்று, 3 பிபிஎம் இருக்கட்டும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், சுண்ணாம்பை இன்னும் ஏற்றும். வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் இருக்க சயனூரிக் ஆசிட் 1.35 கிலோவைத் துணிப்பையில் கட்டித் தண்ணீர் வரும் வாயருகே தொங்கவிடு. 30 பிபிஎம் கிடைக்கும்.

டிசிசிஏ என்கிற குளோரின் மாத்திரை சுலபம்தான், ஆனால் அதில் சயனூரிக் ஆசிட்டும் சேர்ந்தே வருகிறது. மாதக்கணக்கில் போட்டால் அது 100 பிபிஎம்மைத் தாண்டும். அப்புறம் கிட் குளோரின் காட்டும், ஆனால் அது சரியாக வேலை செய்யாது, தண்ணீர் பச்சையாகும். பாதித் தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை. அந்த மாத்திரையை வேறு எந்தக் குளோரினோடும் ஒரே வாளியில் போடாதே, தீப்பிடிக்கும். ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு. இரண்டையும் வேறு வேறு அறையில் பூட்டி வை, குழந்தைகள் இருக்கிற வீடு.

குளோரின் ஊற்றியதும் தண்ணீர் டீ நிறமானால் பயப்படாதே. பாசி இல்லை, போர் தண்ணீரில் இருந்த இரும்பு. ஃபில்டரை விடாமல் ஓட்டு, அதன் பிரஷர் 0.5 பார் கூடும்போதெல்லாம் தண்ணீரைத் திருப்பி ஓட்டி அழுக்கைக் கழுவு (பேக்வாஷ்). பாசிக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாம் என்று அந்த ஆள் சொன்னால் சம்மதிக்காதே. செம்பு சுவரில் கறையாகும், பிள்ளைகள் முடியிலும் பச்சை ஏறும்.

கிட் வந்ததும் பி.எச்., ஆல்கலினிட்டி, ஹார்ட்னஸ் மூன்றையும் எழுதி அனுப்பு. ஆசிட் எத்தனை கேன் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா