கண்மட்டக் கோடு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோய்விட்டாய், முழங்கால் வலியும் இப்போது தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பதில் தாமதமானதற்குக் காரணம், மாலை நேரம் முழுவதையும் ஒரு ஓவிய நோட்டு எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் நீ மேஜை வரைந்தால் அது மேஜையாகவே நிற்கும். எப்படி என்று அன்று உன்னிடம் கேட்காமல் விட்டதை இப்போது தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பெர்ஸ்பெக்டிவ், அதாவது தட்டைக் காகிதத்தில் தூரத்தைக் காட்டும் முறை என்றால், கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். காகிதத்தின் நடுவில் எங்காவது ஒரு புள்ளி வைப்பேன், ஸ்கேலால் இழுப்பேன். கணக்கு சரியாக வரும், ஆனால் அந்த அறைக்குள் யாரும் நின்று பார்த்த மாதிரி இருக்காது.

போன மாதம் ஒரு நாள், வரைந்துகொண்டிருந்தபோது பென்சில் உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் மேஜையைப் பார்த்தபடியே மெல்ல உட்கார்ந்தேன். நின்றபோது அகலமாகத் தெரிந்த மேஜைப் பலகை குறுகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் வெறும் விளிம்பாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் பலகையின் அடிப்பக்கம் தெரிந்தது. மேஜை நகரவே இல்லை, என் கண்தான் இறங்கியிருந்தது. தொடுவானக் கோடு என்பது எங்கோ தூரத்தில் கிடக்கும் ஒன்றல்ல, பார்க்கிறவனின் கண்மட்டம் என்பது அன்றுதான் உறைத்தது. அதிலிருந்து முதலில் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சமதரையில் உன் உயரமுள்ளவர்கள் பலர் நிற்கட்டும், நீயும் நின்று பார். பக்கத்தில் நிற்பவர், தூரத்தில் நிற்பவர் எல்லாருடைய கண்களும் அதே கோட்டில்தான் இருக்கும். தள்ளிப் போகப் போகப் பாதங்கள் மட்டும் மேலேறி வரும். நீ உட்கார்ந்துவிட்டால் அந்தக் கோடு அத்தனை பேரின் இடுப்பை ஒட்டி ஓடும்.

அப்புறம், தரை ஓடுகள். தள்ளிப் போகிற வரிசைகளை எவ்வளவு குறுக்குவது என்று தெரியாமல், ஒவ்வொன்றையும் முந்தியதில் மூன்றில் இரண்டு பங்காக வரைந்தேன். தரை ஏனோ படிக்கட்டு மாதிரி தூக்கி நின்றது. இதே தவறைத் தன் காலத்து ஓவியர்கள் செய்வதாக இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலிலேயே கண்டித்திருக்கிறார்! சரிபார்க்க அவர் சொல்லும் வழி எளிமையானது: ஓடுகளின் மூலைகள் வழியே குறுக்காக ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். அது ஒவ்வொரு கட்டத்தையும் மூலைக்கு மூலை வெட்டிக்கொண்டு போனால் தரை சரி. என் தரையில் அந்தக் கோடு மூன்றாவது கட்டத்திலேயே மூலையை விட்டு விலகியது. அழித்துவிட்டு, முதலில் குறுக்குக் கோட்டைப் போட்டு, அது வெட்டும் இடங்களில் வரிசைகளை அமைத்தேன். தரை படிந்து உட்கார்ந்தது. அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

டம்ளர் இன்னும் கைக்கு வரவில்லை. வாய்வட்டத்தைவிட அடிவட்டம் கண்மட்டத்துக்கு அதிகம் கீழே இருப்பதால் அதுதான் கூடுதலாக விரிந்து தெரிய வேண்டும். கையோ, அடிப்பாகத்தைத் தட்டையாக இழுத்துவிடுகிறது.

எனக்கு ஒரு உதவி செய். எதிர்க் கட்டடத்தை உன் பால்கனியில் நின்று கொஞ்சம் சாய்வாகப் பார். மேல் மாடி ஜன்னல் வரிசைகள் தூரம் போகப் போகக் கீழிறங்கும், கீழ் மாடி வரிசைகள் மேலேறும். நடுவில் எங்கோ ஒரு கோடு ஏறாமல் இறங்காமல் நேராகப் போகும். அது ஜன்னலின் எந்த இடத்தில் ஓடுகிறது என்று பார்த்து, ஒரு சின்னப் படமாக வரைந்து அனுப்பு. நீ அங்கே நிற்கும் உயரத்திலிருந்து அந்தத் தெருவை நானும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்