‘வயசுக்கு நல்லாத்தான் இருக்கேன்’

ஆசிரியருக்கு,

முதியோர் உடல்நலம் என்றால் சர்க்கரை, ரத்த அழுத்த எண்களோடு நின்றுவிடுகிறோம். ‘உங்க உடம்பு பொதுவா எப்படி இருக்கு?’ என்ற ஒற்றைக் கேள்விக்கு முதியவர் சொல்லும் பதிலும் ஓர் அளவீடுதான். 1997இல் ஐட்லர், பென்யாமினி என்ற ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இருக்கும் நோய்களைக் கணக்கில் கொண்ட பிறகும், ‘மோசம்’ என்றவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல் என்றே பெரும்பாலானவை காட்டின.

கேட்கும் விதத்தில்தான் கோளாறு. நோய்ப் பட்டியலை ஒப்பித்த பிறகு கேட்டால் பதில் மாறிவிடலாம். முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மகனோ மருமகளோ அருகில் இருந்தால் ‘எனக்கென்ன குறை’ என்றுதான் வரும். ‘வயசுக்கு நல்லாத்தான் இருக்கேன்’ என்பது இன்னும் சிக்கல். ஒப்பீடு சக வயதினரோடு நடக்கிறது; படியேறினால் மூச்சு வாங்குவதும், எழுந்தால் தலைசுற்றுவதும் அதில் மறைந்துபோகும். அந்தத் தலைசுற்றலுக்குப் பல நேரம் காரணம் வயதல்ல, மாத்திரை. ‘போன வருஷம் செஞ்சுட்டிருந்து, இப்ப விட்டுட்ட வேலை எது?’ என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் வெளியே வரும்.

மனநிலைக்கு, முதல் கட்டமாக உலக சுகாதார நிறுவனத்தின் 5 கேள்விப் படிவம் போதும். கடந்த 2 வாரங்களைப் பற்றியது. கேள்விக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 13க்குக் கீழே இருந்தால் மனச்சோர்வு உண்டா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

– முதியோர் நலப் பணியாளர்கள்