லேக் ஃபோர்க் செல்லும் தமிழ் நண்பர்களுக்கு

டாலஸ் வட்டாரத்துத் தூண்டில்காரர்களுக்கு வணக்கம்.

டெக்சஸின் லேக் ஃபோர்க் ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் என்னும் நன்னீர் வேட்டைமீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். 24-ஐத் தொட்டதை நாளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் விதியை மீறுவதாக நான் சொல்லவில்லை. அந்த ஒன்றையும் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எனக்கு வாய்த்த பெரிய மீன் ஒரு மார்ச் மாதக் காலையில் வந்தது. அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் மொட்டையாக நிற்கும் ஓர் ஓடைமுகம், இடுப்பளவு ஆழம்தான். பிளாஸ்டிக் புழுவை அடிமரத்தின் ஓரமாக வீசித் தரையில் கிடக்கவிட்டேன். வெடுக்கென்ற இழுப்பெல்லாம் இல்லை. தங்கூசி பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தது, அவ்வளவுதான். சுண்டினேன், மீன் மரத்தைச் சுற்றி அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. படகருகே எழும்பி வாயைப் பிளந்து தலையை உதறியபோது, என் கைமுட்டி தாராளமாக நுழையும் வாய் அது என்று தெரிந்தது. கீழ்த்தாடையைப் பிடித்தேன். உப்புத்தாள் போன்ற பற்கள் கட்டைவிரலைச் சுரண்டின. தராசு 10 பவுண்டைத் தாண்டியது. வயிறு முழுக்கச் சினை. நீரில் தாங்கிப் பிடித்ததும் செவுள் விரிந்து மூடியது. வாலால் என் முகத்தில் தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போயிற்று.

இந்த எடையில் வருபவை ஏறக்குறைய எல்லாமே பெட்டைகள். ஐஸ் பெட்டிக்குள் போவது அடுத்த தலைமுறையின் தாய்.

இந்த ஏரி தற்செயலாகப் பேர்பெறவில்லை. 1980-இல் அணையை மூடித் தண்ணீர் தேக்குவதற்கு முன்பே, பெரிதாக வளரும் புளோரிடா வகை பாஸ் குஞ்சுகளை விட்டிருந்தார்கள். 1986-இல் மார்க் ஸ்டீவன்சன் பிடித்த 17.67 பவுண்டு மீன் உயிரோடு மாநில வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிய மீன்களைக் கடனாக வாங்கி இனம்பெருக்கும் ஷேர்லங்கர் திட்டம் அதிலிருந்துதான் தொடங்கியது. 1992-இல் பாரி செயின்ட் கிளேர் பிடித்த 18.18 பவுண்டுதான் டெக்சஸ் மாநிலச் சாதனை. வேடிக்கை என்னவென்றால், அவர் அன்று கிராப்பி என்னும் சின்ன மீனைப் பிடிக்கப் போயிருந்தார்!

குழம்புக்கு மீன் வேண்டாமா என்பீர்கள். அந்தக் கிராப்பி இருக்கிறதே! டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே பிடிபட்ட கிராப்பியைத் திருப்பி விடவே கூடாது என்பது விதி. ஆழத்திலிருந்து இழுத்தால் பெரும்பாலும் பிழைக்காது. கெளுத்தியும் உண்டு. கிழட்டு பாஸின் ருசி, என் நாக்கைக் கேட்டால், விறாலின் பக்கத்தில்கூட வராது.

பெரியது மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு, தாடையோடு வயிற்றையும் தாங்குங்கள். தாடையில் மட்டும் தொங்கவிட்டால் எலும்பு விலகக்கூடும். படம் எடுத்ததும் விடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை 13 பவுண்டோ அதற்கு மேலோ கிடைத்தால், படகின் நீர்த்தொட்டியில் வைத்துக்கொண்டு மாநில வனவிலங்குத் துறையை அழையுங்கள். அவர்களே வந்து எடுத்துச் செல்வார்கள். ஏதென்ஸ் நகரத்துப் பண்ணையில் முட்டையிட வைத்த பிறகு மீனைத் திரும்ப ஏரியில் விடுவார்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு தூண்டில்காரன்