சொற்பிறப்பு நூலில் உள்ள பிழைகள் குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆங்கிலச் சொற்களின் பிறப்பு பற்றிய உங்கள் மாணவர் நூல்

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பள்ளி நூலகத்துக்கு இந்த நூலின் பிரதிகளை வாங்கினோம். தாளும் அச்சும் அருமை. ஆனால் உள்ளே வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளை அப்படியே அச்சடித்திருக்கிறீர்கள்.

முதல் பக்கத்திலேயே திசைகாட்டிப் படம். நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து 'நியூஸ்' வந்ததாம். அது 'நியூ'வின் பன்மை, அவ்வளவுதான். புதியவை என்று பொருள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய சொல். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. இந்த ஒன்றைக் கவனித்திருந்தாலே, ஆடம்பரமானது என்று பொருள்படும் 'பாஷ்' (posh) என்ற சொல்லின் கதை மீதும் சந்தேகம் வந்திருக்கும். இந்தியா வந்த கப்பல்களில் வெயில் படாத பக்கத்து அறை எடுத்தவர்களின் சீட்டில், போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் எனப் பொருள்படும் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதன் முதலெழுத்துகளை முத்திரை குத்தினார்கள் என்கிறீர்கள். அப்படி ஒரு சீட்டுகூட இன்றுவரை கிடைக்கவில்லை.

என்னை மிகவும் வருத்தியது 'கேஷ்' பற்றிய பக்கம். அது நம் 'காசு'தான் என்று படித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். இல்லை என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. ரொக்கம் என்ற பொருளில் வரும் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. அதன் வேர் லத்தீன் 'காப்ஸா'. 'காசு' போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது உண்மைதான். ஆனால் அந்தக் 'கேஷ்' வேறு. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர் அது. ஒரே எழுத்துக்கூட்டல் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் பெருமைப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் 'கட்டமரான்' எங்கே? அது நம் கட்டுமரம். 'செரூட்' நம் சுருட்டு. 'மல்லிகடானி' சூப் நம் மிளகுத்தண்ணீர். அகராதிகளே ஒப்புக்கொண்ட இந்தச் சொற்களில் ஒன்றுகூட நூலில் இல்லை!

இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதியபோது, "பொதுவாகப் புழக்கத்தில் உள்ள தகவல்கள்தான்" என்று பதில் அனுப்பினீர்கள். புழக்கத்தில் இருப்பதைச் சரிபார்த்துத் தருவதற்குத்தானே பதிப்பகம்? மாணவர்கள் இதைக் கட்டுரைப் போட்டிக்கு மேற்கோள் காட்டுகிறார்கள்.

எங்கள் பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தாருங்கள். அப்புறம், வாங்கிய எல்லாப் பள்ளிகளுக்கும் பிழைதிருத்தம் அனுப்புங்கள். அடுத்த பதிப்புக்கு முன் சொற்பிறப்பு தெரிந்த ஒருவரிடம் நூலைக் காட்டுங்கள். எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்