மாடல் ரயில் சங்க 2024-25 ஆண்டறிக்கை: நம்ம எக்ஸ் கிளாஸ் எஞ்சினுக்கு எந்த ட்ரைவ் (மோட்டாரும் கியரும்)?

எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு, வரவு செலவை பொருளாளர் தனியா படிப்பாரு, சந்தா பாக்கி இருக்கவங்க இன்னைக்கே கட்டிருங்க. மீதி அறிக்கை முழுக்க எஞ்சின் பத்திதான், ஏன்னா இந்த வருஷம் நம்ம உழைப்பெல்லாம் அதுக்குத்தான் போச்சு.

நீலகிரி மலை ரயிலை இழுக்கற எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சினை, 45 எம்எம் அகலத் தண்டவாளத்துக்கு 1:22.5 அளவுல சின்ன மாடலா, பித்தளைத் தகடு வெட்டி நாமளே கட்டறோம். ஃப்ரேம், பாய்லர், கேபின் வரைக்கும் கருத்து வேறுபாடே இல்ல, மோட்டார்ல வந்துதான் நின்னுச்சு. கணக்கு சுலபம்தான். நிஜ ரயில் மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லார் வரைக்கும் மணிக்கு 30 கி.மீ வேகம், அதை நம்ம அளவுக்கு சுருக்கினா 36 எம்எம் சக்கரத்துக்கு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 195 சுத்து, நிமிஷத்துக்கு 6000 சுத்து சுத்தற மோட்டார்னா 30:1 கியர் சரியா வருது. கல்லார் தாண்டி நடுவுல பல்லு வச்ச பல்தண்டவாளத்துல 13 கி.மீ வேகம்தான், ஏத்தம் 12.5க்கு 1.

முதல்ல ஒரே மோட்டார், ஒரே வோர்ம் கியர் (திருகு மாதிரி சுத்தி பல்சக்கரத்தை ஓட்டறது), அதுலயே சக்கரமும், பல்தண்டவாளத்தைப் பிடிச்சு ஏறற பல்சக்கரமான பினியனும்னு செஞ்சோம். 1 மீட்டர் பலகையை ஒரு முனையில 8 செ.மீ தூக்கி வச்சு ஓட்டினா பாதி தூரத்துலயே கிர்ருனு ஒரு சத்தம், குனிஞ்சு பாத்தா கட்டைங்க மேல பித்தளைத் தூள் கோடு மாதிரி விழுந்து கிடக்கு. ஒரு சுத்துக்கு பினியன் போற தூரமும் சக்கரம் போற தூரமும் ஒண்ணா இல்ல, ஒன்னை ஒன்னு இழுத்து தேய்க்குது. அடுத்து ஆன்லைன்ல வாங்கின ரெடிமேட் கியர் மோட்டாரை மாட்டினோம், ரெண்டே நாள்ல உள்ள இருந்த பிளாஸ்டிக் பல்லு மழுங்கிடுச்சு, அந்தக் காசு போனது எனக்கு இன்னும் வருத்தமாத்தான் இருக்கு.

அப்பதான் நம்ம மூத்த உறுப்பினர் ஐயா ஒருத்தர், குன்னூர் ஷெட்ல நிக்கற நிஜ எஞ்சினை போய் பாருங்கப்பான்னாரு. நாலு சிலிண்டர். கீழ் ரெண்டு சக்கரத்துக்கு, மேல் ரெண்டு பினியனுக்கு, கீழ வேலை செஞ்ச நீராவியே பல்தண்டவாளத்துல மேல போய் மறுபடி வேலை செய்யும். சுவிட்சர்லாந்து வின்டர்தூர்ல இதை செஞ்சவங்க 100 வருஷத்துக்கு முன்னாடியே ரெண்டையும் பிரிச்சு வச்சுட்டாங்க, நாமதான் ஒண்ணா கட்டிப்போட்டோம்.

அதனால இப்ப ரெண்டு மோட்டார். பினியனுக்கு வோர்ம் கியர், கரண்ட் போனாலும் எஞ்சின் பின்னால உருளாது, அதுவே பிரேக். சக்கரத்துக்கு வோர்ம் வேண்டாம், சாதா பல்சக்கர கியர்தான், அப்பதான் பினியன் தள்ளும்போது சக்கரம் தடுக்காம கூட சுத்தும். பலகையில மூணு பெட்டியை தள்ளிக்கிட்டு ஏறிடுச்சு, நடுவுல சுவிட்சை அணைச்சோம், அப்படியே நின்னுச்சு. சமவெளியில பினியனோட சேர்ந்த மேல் ராடு அசையாம நின்னு, பல்தண்டவாளம் வந்ததும் ஓட ஆரம்பிக்கறதை பாத்தப்ப உண்மையிலயே புல்லரிச்சுது.

பல்தண்டவாளம் ஆரம்பிக்கற இடத்துல மட்டும் பினியன் இன்னும் சில தடவை பல்லு மேல ஏறி துள்ளுது. ஒரிஜினல்ல அந்த முதல் துண்டு ஸ்பிரிங் மேல இருக்கும், நாமளும் அப்படித்தான் செய்யணும். சின்ன ஸ்பிரிங் சுத்தத் தெரிஞ்சவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னை வந்து பாருங்க.

இப்படிக்கு,
செயலாளர்