விலையோடு வரத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் சந்தை நிலவரப் பகுதியில் விலையோடு வரத்தையும், அதாவது அன்று மார்க்கெட்டுக்கு வந்த சரக்கின் அளவையும், போடக் கேட்டு எழுதுகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் முதலாண்டு நுண்ணினப் பொருளியல் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். மழையில் செடி அழுகி, பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி வரத்து குறைகிறது. விலை ஏறுகிறது. ஒரு கிலோ வாங்கியவர்கள் அரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உடனே 'தேவை குறைந்தது' என்று எழுதி, தேவைக் கோட்டை (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) இடப்பக்கம் நகர்த்திவிடுகிறார்கள். மதிப்பெண் அங்கேயே போய்விடும். நகர்ந்தது அளிப்புக் கோடு, அதாவது எந்த விலைக்கு எவ்வளவு விற்பார்கள் என்று காட்டும் கோடு. தேவைக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது; வாங்கும் அளவுதான் அதே கோட்டின் மேல் வேறொரு புள்ளிக்குப் போயிருக்கிறது. பெங்களூரா மாங்காயில் கதை வேறு. மாங்கூழ் ஆலைகள் கொள்முதலைக் குறைத்தால், என்ன விலை சொன்னாலும் முன்பைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்கள். அங்கே தேவைக் கோடே இடம் மாறுகிறது.

எது நகர்ந்தது என்று தெரிய விலை மட்டும் போதாது, வரத்தும் வேண்டும். விலை ஏறி வரத்து குறைந்தால் அளிப்பு சுருங்கியது உறுதி. விலையும் வரத்தும் சேர்ந்து ஏறினால் தேவை பெருகியது உறுதி. மற்றொரு கோடும் கூடவே கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். அது நகர்ந்ததா என்பதை விலையையும் வரத்தையும் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்று பார்க்கும் நெகிழ்ச்சிக் கணக்குக்கும் அளவு இல்லாமல் முடியாது. கிலோ 20 ரூபாய்க்கு 60 டன்னும் 30 ரூபாய்க்கு 40 டன்னும் விற்பதாக வைத்துக்கொள்வோம். 20லிருந்து 30க்கு ஏறுவதாகக் கணக்கிட்டால் தேவை நெகிழ்ச்சி 0.67, 30லிருந்து 20க்கு இறங்குவதாகக் கணக்கிட்டால் 1.5. ஒரே கோட்டுத் துண்டுக்கு இரண்டு விடை! சராசரியை அடிப்படையாக எடுக்க வேண்டும்: அளவில் 50க்கு 20, விலையில் 25க்கு 10, இரண்டுமே 40 சதவீதம், ஆகவே நெகிழ்ச்சி 1. நெகிழ்ச்சி 1 என்றால் விலை மாறினாலும் மொத்த வருவாய் மாறாது. சரிபார்த்துப் பாருங்கள்: இரண்டு விலையிலும் அதே 12 லட்சம் ரூபாய்தான்.

ஆனால் சந்தை நிலவரப் பகுதியில் பெரும்பாலும் விலை மட்டுமே வருகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்கும் தருமபுரி பட்டுக்கூட்டுக்கும் விலைக்குப் பக்கத்திலேயே அன்றைய வரத்தையும் அச்சிட வேண்டுகிறேன். வகுப்பில் மாணவர்கள் அதை வரைபடத்தாளில் குறிக்கட்டும். விலை செங்குத்து அச்சில், அளவு கிடை அச்சில். புள்ளிகளை இணைத்துவிட்டு அதுதான் தேவைக் கோடு என்று சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொரு புள்ளியும் அன்றைய தேவையும் அளிப்பும் சந்தித்த இடம். தேவை மாறாமல் வரத்து மட்டும் ஏறி இறங்கிய நாட்களின் புள்ளிகளே தேவைக் கோட்டின் மேல் விழும். அதனால் முகூர்த்த நாள், பண்டிகை நாள் புள்ளிகளை வேறு நிற மையில் குறிக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர், பாலக்கோடு