உன் பெட்டியில் மிஞ்சிய கேசட்

சிந்துபூந்துறை,
திருநெல்வேலி.
17.8.2025

அன்புள்ள செல்வின்,

நலம். அங்கே வீட்டில் எல்லோரும் நலம்தானே. மஸ்கட் வெயிலைப் பற்றி நீ எழுத வேண்டாம், ஆவணி பிறந்தும் இங்கே புழுக்கம் குறையவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 23ஆம் தேதி காலையில் நீ மூன்று தடவை போன் பண்ணினாய். நான் எடுக்கவில்லை. நம்ம பிளாக் சப்பாத் பாடகர் ஓஸி போய்விட்டார் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாய் என்று தெரியும். எடுத்தால் அடுத்த வார்த்தையே "பெட்டியைத் திறந்து அந்த கேசட்டைப் போடுலே" என்றுதான் வரும். அதற்குப் பயந்துதான் எடுக்கவில்லை. உன் பெட்டி இப்போது இல்லை, செல்வின். 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. இருபது மாதமாக இதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெய்த மழை உனக்குத் தெரியும், டிவியில் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. மறுநாள் விடியுமுன்னே ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. அம்மாவைத் தூக்கி எதிர்வீட்டு மாடியில் உட்கார வைத்தேன். அப்புறம் கேஸ் சிலிண்டர், பத்திரங்கள், அம்மாவின் மாத்திரை டப்பா. கட்டிலுக்கு அடியில் உன் ட்ரங்குப் பெட்டி இருப்பது நினைவுக்கு வந்தபோது இடுப்பளவு தண்ணீர். போகலாம் என்று இறங்கினேன். தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

மூன்றாம் நாள் வந்து திறந்தேன். உள்ளே கேசட்டே தெரியவில்லை, வண்டல்தான் தெரிந்தது. அறுபத்திரண்டு கேசட்டும் ஒரே பாளமாக ஒட்டியிருந்தன. நீ பச்சை மையில் எழுதி வைத்த அட்டைகள் எல்லாம் கரைந்து, பெட்டியின் அடியில் தேங்கின தண்ணீர் பச்சையாக இருந்தது. 1999இல் நீ கப்பல் ஏறுவது மாதிரி அழுதுகொண்டு விமானம் ஏறினாயே, அன்றைக்கு என் கையில் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைத்திருக்கிறேன். அதைப் போய் இப்படி விட்டுவிட்டேனே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

மணி வேறு. ஊரெல்லாம் நாற்றமடித்துக் கிடந்த அந்த வாரத்தில், எனக்கு வாட்ஸப்பில் லெட் செப்பலின் குழுவினுடைய 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டை அனுப்பினான். மிசிசிபி 1927இல் கரையை உடைத்துக்கொண்டு ஊரை அழித்ததைப் பற்றி புளூஸ் பாடகி மெம்ஃபிஸ் மின்னியும் அவள் புருஷனும் 1929இல் பாடின பாட்டு. அதை எடுத்துத்தான் செப்பல்காரர்கள் 1971இல் தங்கள் நாலாவது ஆல்பத்தின் கடைசியில் வைத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். தை மாதம் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். பழைய பங்களாவின் மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்களே, அந்த டிரம்மர் போன்ஹாமின் அடி. தண்ணீர் கதவை முட்டுகிற சத்தமேதான். மணி கிண்டலுக்கு அனுப்பவில்லை. ஆறுதல் சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. தங்கச்சி மகன் இசக்கி விஷயம் உனக்குத் தெரியாது. போன பொங்கலுக்கு முன்னால் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்ஜின் ஓட ஓடச் செயினைத் துணியால் துடைத்திருக்கிறான். துணி பல்சக்கரத்தில் மாட்டி, கையையும் இழுத்துவிட்டது. இடதுகை மோதிரவிரலில் நகத்தோடு மேல்கணு போய்விட்டது. வலதுகைக்காரனுக்கு கிடாரில் தந்தியை அழுத்துகிற கை எது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயசில் நீ மடியில் உட்கார வைத்து கிடாரில் விரல் வைத்து முதல் கார்டு பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பிள்ளை. புண் ஆறிவிட்டது, பிள்ளை ஆறவில்லை. கிடாரை உறையில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டான். தங்கச்சி அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

பிப்ரவரியில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அவனை உட்கார வைத்து சப்பாத் கிடார்க்காரர் ஐயோமி கதையைச் சொன்னேன். நீ சமாதானபுரம் வீட்டுத் திண்ணையில் கரண்ட் போன ராத்திரி எனக்குச் சொன்ன அதே கதை. பர்மிங்ஹாமில் தகரப் பட்டறையில் வேலை. பதினேழு வயசு. மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், இசைக்குழுவோடு ஐரோப்பா போகிறார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போக மாட்டேன் என்கிறார், எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்புகிறாள். வராத ஆளுக்குப் பதிலாக பிரஸ் மெஷினில் நிற்க வைக்கிறார்கள். வலதுகை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போகிறது. இடதுகைக்காரர் என்பதால் தந்தி அழுத்துகிற கை அதுதான்.

கதை முடிவதற்குள் இசக்கி எழுந்துவிட்டான். "மாமா, கதை எல்லாம் வேண்டாம்" என்றான். சத்தம் போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவன் வலிக்கு நான் யாரோ ஒருவருடைய வலியை மருந்தாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

ஓஸி இறந்த சேதி வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பதினேழு நாளைக்கு முன்புதான், ஜூலை 5ஆம் தேதி, சொந்த ஊர் வில்லா பார்க் மைதானத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பழைய நாலு பேரும் சேர்ந்து, நாலே பாட்டு. எழுந்திருக்க முடியாத மனுஷன் 'வார் பிக்ஸ்' பாடினதை போனில் பார்த்து நான் விம்மிவிட்டேன். விடிந்ததும், உன் போன் அடித்துக்கொண்டிருக்கும்போதே, பின்கட்டுக்குப் போய் அந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்தேன். உன் கேசட்டுகளில் மோசம் குறைந்ததாக ஏழெட்டை அதில் போட்டு வைத்திருந்தேன், தூக்கி எறிய மனசு வராமல். என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். இசக்கி பல் துலக்க வந்தவன் பார்த்துக்கொண்டே நின்றான். "அப்படிக் கழுவினா டேப் போயிரும் மாமா. கொண்டாங்க" என்றான்.

அவன் செய்ததைச் சொல்கிறேன் கேள். கேசட்டின் ஐந்து திருகாணியையும் சின்ன ஸ்க்ரூடிரைவரால் கழற்றினான். உள்ளே இரண்டு சக்கரத்திலும் டேப் களிமண் பூசின மாதிரி இருந்தது. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் இரண்டு பாட்டில் வாங்கிவந்து, தட்டில் ஊற்றி, டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் ஓட்டினான். நிழலில் இரண்டு நாள் காயவைத்தான். ஒட்டிப் பிய்ந்த இடங்களை பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டினான். பழைய கூடு வளைந்துவிட்டதால் தங்கச்சியின் கந்த சஷ்டி கேசட் ஒன்றைத் திறந்து அந்தக் கூட்டுக்குள் இதை மாற்றினான். ஆக, உன் பிளாக் சப்பாத் இப்போது முருகன் வீட்டில் குடியிருக்கிறது. உன் அப்பா இருந்திருந்தால் எந்தப் பக்கம் கோபப்படுவார் என்று யோசித்துப் பார்.

கடைசியில் சக்கரத்தின் பல்லுக்குள் பென்சிலை விட்டுச் சுற்றினான், நாம் சுற்றுவோமே அப்படி. இடதுகையால் சுற்றினான். அந்தக் குட்டை விரலும் பென்சிலில் பதிந்து சுற்றியது. அரைமணி நேரம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழில் மூன்று பிழைத்தன. ஒன்று அந்தத் தொண்ணூறு நிமிஷக் கேசட். ஒரு பக்கம் 1970இல் வந்த முதல் ஆல்பம், மறுபக்கம் 1971இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. உன் சித்தப்பா கப்பலிலிருந்து கொண்டுவந்த ஒரிஜினலிலிருந்து நீ டபுள் டெக்கில் எடுத்தது.

போட்டோம். உனக்கே தெரியும் எப்படி ஆரம்பிக்கும் என்று. மழை. தூரத்தில் கோயில் மணி. இடி. உள்ளறையிலிருந்து அம்மா குரல்: "மழையாலே? கட்டிலுக்கு அடியில உள்ளத எல்லாம் மேல எடுத்து வை!"

வெள்ளத்துக்கு அப்புறம் அம்மா அப்படித்தான், தூறல் விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இசக்கி ஓடிப்போய், "பாட்டுதான் ஆச்சி" என்றான். அதற்குள் இங்கே அந்த மூன்று ஸ்வரம் விழுந்துவிட்டது. தங்கச்சி அடுக்களையிலிருந்தே சொன்னாள்: ச, மேல் ச, பிரதிமத்யமம். ஐரோப்பாவில் சாத்தானின் இடைவெளி என்று பேர் வைத்துப் பயந்தது இதைத்தான். நம் வீடுகளில் சாயங்காலம் விளக்கேற்றி கல்யாணி பாடினால் அந்த மத்யமம் இல்லாமல் கல்யாணியே கிடையாது. ஸ்வரம் அதுவேதான். ஐயோமி அதை மெதுவாக இழுத்து, பாதியில் நடுங்கவிட்டு, போய்ச் சேர இடம் கொடுக்காமல் நிறுத்திவிடுகிறார். பயம் அங்கிருந்துதான் வருகிறது.

நாற்பது வருஷமாக நான் உன்னோடு மல்லுக்கட்டினேன். சப்பாத் இரைச்சல், பிங்க் ஃப்ளாய்ட்தான் இசை என்றேன். அவர்களுடைய 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பம் இன்றைக்கும் என் தலைமாட்டில்தான் இருக்கிறது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் கிளேர் டோரி என்கிற பாடகி ஒரு வார்த்தை இல்லாமல் பாடுகிறாளே, ஆலாபனை என்றால் அதுதான். அந்த ஆலாபனைக்கு அன்று கொடுத்தது 30 பவுண்டு. முப்பது வருஷம் கழித்து வழக்குப் போட்டுத்தான் பாட்டில் அவளுக்கும் பங்கு உண்டென்று பேர் போட வைத்தாள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் செல்வின், அந்த ஆல்பத்தில் எல்லாமே அளந்து வைத்திருக்கிறது. கடிகாரம் அடிக்க வேண்டிய நொடியில் அடிக்கிறது, காசு விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. சப்பாத் முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்துவிட்டுப் போனார்கள். அந்த அவசரமும் மூச்சிரைப்பும் இருபது மாதம் சேற்றில் கிடந்த டேப்பில் கூட அப்படியே இருக்கிறது. நீ சொன்னது சரி. நான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அதிலும் மறுபக்கம். அடிபட்ட விரலுக்கு ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனியில் மாட்டுகிற குப்பி செய்தார், மேலே பழைய தோல் கோட்டிலிருந்து வெட்டின தோலை ஒட்டினார். குப்பிக்குத் தந்தி தெரியாது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று காதால்தான் பார்க்க வேண்டும். மெல்லிசான பாஞ்சோ தந்தி போட்டுப் பார்த்தார். மூன்றாவது ஆல்பமான இந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில்தான் ஸ்ருதியையே இறக்கினார், மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும். பாஸ் கிடாரும் கூடவே இறங்கியது. 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' கேட்கும்போது தரை அதிர்கிறதே, உலகத்தில் பாதி கிடார்க்காரர்கள் இன்றைக்கும் அந்தக் கனத்தைத்தான் தேடுகிறார்கள். அது விரல் நோவுக்குப் பார்த்த வழி.

இதை நான் இசக்கியிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஓடி முடிந்ததும் அவனே, "ஸ்ருதி ரொம்பக் கீழ இருக்கு மாமா" என்றான். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலேயே 'ஆஃப்டர் ஃபாரெவர்' இருக்கிறது. உன் அப்பா கேசட்டை உடைக்க வந்தபோது நீ அந்தப் பாட்டின் வரிகளை எழுதிக் கொடுத்து, இவர்கள் கிறிஸ்துவைத்தான் பாடுகிறார்கள் என்று வாதாடினாயே. அவர் கண்ணாடி போட்டு முழுதும் படித்துவிட்டு, "இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு, சத்தத்தைக் குறை" என்றார். இசக்கியிடம் சொன்னேன். ஏழு மாதத்துக்கு அப்புறம் சிரித்தான்.

போன வாரம் கிடாரை இறக்கினான். வாசிக்கவில்லை. ஆறு தந்தியையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே போனான். கடைக்குப் போய் தையற்காரர் விரலில் மாட்டுகிற கூடு வாங்கி வந்தான், தந்தியில் பட்டதும் கிறீச்சென்றது, வீசிவிட்டான். எம்-சீல் உருண்டை செய்து மாட்டினான், வழுக்கிக் கழன்றது. நேற்று என் பழைய செருப்பு வார் ஒன்றை ஊறப்போட்டிருக்கிறான். நுனி இன்னும் கூசுகிறது, ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொள்கிறான். சில நாள் உறையில் போட்டு மூடிவிடுகிறான், மறுநாள் எடுக்கிறான். எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை, அந்த உறையின் ஜிப் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய்தானே? வரும்போது எட்டாம் நம்பர் மெல்லிய கிடார் தந்தி இரண்டு செட் வாங்கி வா, இங்கே கடையில் ஒன்பதுக்குக் கீழே இல்லை என்கிறார்கள். மெல்லிய ஆட்டுத்தோல் ஒரு துண்டு கிடைத்தாலும் வாங்கு, செருப்பு வார் தடிப்பாக இருக்கிறது. அவனுக்கு நான் எழுதியது தெரிய வேண்டாம். பெட்டிக்காக என்னை இரண்டு அடி வேண்டுமானாலும் அடித்துக்கொள். மீதி இரண்டு கேசட் என்ன என்று கேட்பாய், அட்டை இல்லாததால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை, நீ வந்து கேட்டுச் சொல்ல வேண்டும். ஒன்றில் நடுவே உன் அம்மா "சாப்பிட வாங்கலே" என்று கூப்பிடும் குரல் பதிவாகியிருக்கிறது. அதை நான் மறுபடி ஓட்டவில்லை, டேப் தாங்குமோ என்று பயமாக இருக்கிறது. நீ வந்ததும் ஒரு தடவை ஓட்டுவோம்.

உன்,
சுப்பு